அந்த 47-வது நிமிடப் பாட்டு என்ன சார்?

எலெக்ட்ரானிக் நடன இசையை இணையத்தில் தேடுவது, பகிர்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் யார் பெயரையுமே போடவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், யார் அதிகக் கோபமாகக் கேட்டிருந்தாரோ அவருடையதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரே ஒரு நாள் ராத்திரி வேலை பார்க்கும்போது ஸ்பாட்டிஃபையில் மெலோடிக் டெக்னோ (மெட்டு கலந்த ஒரு ரக நடன இசை) ஓடவிட்டேன். அன்றிலிருந்து வேறு எதையும் காட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. திங்கட்கிழமைதோறும் அதுவே போட்டுத் தரும் டிஸ்கவர் வீக்லி ப்ளேலிஸ்டில் 30 பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது. இதிலிருந்து எப்படித் தப்பிப்பது?

பதில்: அன்று ராத்திரி நாலு மணி நேரம் எதையும் ஸ்கிப் செய்யாமல் விட்டிருப்பீர்கள். வேலையில் மூழ்கியிருந்தீர்களா, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தள்ளிவிடவில்லை என்றால் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் கணக்கு. 2015 ஜூலையில் டிஸ்கவர் வீக்லி வந்தபோது அதன் அடிப்படை ரொம்ப எளிமையாக இருந்தது. மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் ப்ளேலிஸ்டுகளில் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது, அதில் நீங்கள் இன்னும் கேட்காததை எடுத்து நீட்டுவது. மெலோடிக் டெக்னோ ரசிகர்களின் ப்ளேலிஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இன்னொரு மெலோடிக் டெக்னோ. வேறென்ன இருக்கும்?

மற்ற இசை கேட்பவர்களுக்கு இது இவ்வளவு உறுத்தாது; குரல் மாறும், வாத்தியம் மாறும். நடன இசை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்படுவது, கிட்டத்தட்ட அதே வேகம், அதே கிக் (டும் டும் என்ற அடித்தாளம்), அதே இடத்தில் ஒரு அமைதி, அப்புறம் டிராப், அதாவது தாளம் மறுபடி முழு வீச்சில் வந்து விழும் இடம். அதனால் ‘இது மாதிரி இன்னொன்று’ கேட்டால் நிஜமாகவே இது மாதிரியேதான் வந்து நிற்கும். நல்ல டிஜே செய்வது இதற்கு நேர் எதிரான வேலை, ஒட்டவே ஒட்டாது என்று நாம் நினைக்கும் இரண்டை ஒட்ட வைப்பது.

சரி, வழிக்கு வருவோம். வேலை நேரத்தில் ஓடவிடும்போது பிரைவேட் செஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ப்ளேலிஸ்டை உங்கள் ரசனைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதியும் அதிலேயே இருக்கிறது. இது முதலுதவிதான். உண்மையான வைத்தியம் ஆல்பம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது, லேபிள் பெயர். சினிமாப் பாட்டில் எந்தக் கம்பெனி வெளியிட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த இசையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான லேபிள்கள் ஒரு ஆளின் அல்லது இரண்டு ஆளின் காதுதான். ஹைப்பர்டப் என்றால் கோட்9 என்ற டிஜேயின் காது. ஷெஃபீல்டில் 1989-ல் ஆரம்பித்த வார்ப், கொலோனில் இருக்கும் கொம்பாக்ட், டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் எல்லாம் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்துக்குப் போங்கள். இன்று எல்லா இசையும் அதில் இருக்கிறது, ஆனால் 2000-ல் தொடங்கும்போது எலெக்ட்ரானிக் இசைக்கு மட்டும்தான் அந்தப் பட்டியலே. லேபிளின் மேல் தட்டினால் முதல் வெளியீட்டிலிருந்து வரிசையாக வரும். அதில் ரீமிக்ஸ் போட்டவர் யார் என்று பார்த்து அவர் பெயரைத் தட்டினால் இன்னொரு லேபிளுக்குப் போவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

இன்னொரு கதவு, கலைஞர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருக்கிறது. எந்த ஆல்பம் பக்கத்திலும் அட்டைப் படத்தின் பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் படங்கள் வரிசையாக இருக்கும், அந்த ஆல்பத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய மொத்தமும் விரியும். நான் அப்படி ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறேன். படத்தில் ஒரு பூனை இருக்கிறது, அதைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதம் ஒருமுறை போய், தெரிந்தவர் வீட்டுப் புத்தக அலமாரியை எட்டிப் பார்ப்பது போல அவர் புதிதாக என்ன வாங்கியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வருவேன். போன தடவை முக்கால்வாசி கந்தரகோலமான நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்கும் ரகம்). ஆனால் அதற்கு நடுவில் இருந்த ஒரு டப் டெக்னோ ஆல்பத்தை எந்த டிஸ்கவர் வீக்லியும் எனக்குக் கொடுத்திருக்காது.

கேள்வி: ஒரு டிஜே மிக்ஸில் (பல பாட்டுகளை நிற்காமல் கோத்த தொகுப்பு) சரியாக 47-வது நிமிடத்தில் ஒரு பாட்டு வருகிறது சார். பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷஸாம் ஆப்பைப் போட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. ஆறு மாதமாகத் தூக்கம் போகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆறு மாதம்தானே, பொறுங்கள்.

ஷஸாம் பாட்டைக் ‘கேட்பது’ இல்லை. ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் எந்தெந்த நொடியில் தூக்கலாக நிற்கின்றன என்று புள்ளி வைத்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கைரேகை மாதிரி எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் ரேகைகளோடு ஒப்பிடுகிறது. 2002-ல் பிரிட்டனில் ஆரம்பித்தபோது 2580 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது தானே கட்டாகிவிடும், கொஞ்ச நேரத்தில் பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்ஸில் வரும். அடிப்படை அதேதான் இன்றும். பாட்டு அதன் கிடங்கில் இல்லையென்றால் கிடைக்காது. இரண்டு பாட்டு ஒன்றின்மேல் ஒன்று ஓடும் இடத்தில் பிடித்தால் குழம்பும். டிஜே வேகத்தைக் கணிசமாக மாற்றியிருந்தால் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமே மாறிப்போய்க் கைவிரிக்கும். அதனால் 47-வது நிமிடத்தில் பாட்டு நுழையும்போது பிடிக்காதீர்கள், பழைய பாட்டு முழுசாக வெளியே போய், அடுத்தது இன்னும் வராமல், இது மட்டும் தனியாக ஓடும் இடம் ஒரு நிமிடமாவது இருக்கும், அங்கே பிடியுங்கள். யூடியூபில் இருந்தால் வேகத்தை 0.95-க்கு இறக்கியும் ஒரு தடவை பாருங்கள், சில நேரம் சிக்கும்.

அதற்கும் சிக்கவில்லையென்றால், ஒன்று அது அந்த டிஜேயே வெட்டி ஒட்டிய எடிட்டாக இருக்கும், இல்லையென்றால் இன்னும் வெளியாகவில்லை, இல்லையென்றால் வெளியாகவே போவதில்லை. மிக்ஸில் வரும் பாட்டுகளைப் பட்டியலிடும் ட்ராக்லிஸ்ட் தளங்களில் ‘ஐடி - ஐடி’ என்று போட்டிருப்பார்களே, அதற்கு அர்த்தம் ஆளும் தெரியாது பெயரும் தெரியாது என்பதுதான். இந்த ஒளித்து வைக்கும் விளையாட்டு இணையத்தில் பிறந்ததில்லை. 1950களிலேயே ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடும் செட்) நடத்தியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவார்கள், எதிர் செட்காரன் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. இப்போது ஒளிப்பதே விளம்பரமாகிவிட்டது. 2013-ல் ‘அனிமல்ஸ்’ என்ற பாட்டு, போட்டவர் பெயர் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது ஆளாளுக்குப் பெரிய பெயர்களை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் மார்ட்டின் கேரிக்ஸ், 17 வயது நெதர்லாந்துப் பையன்.

என் கதை ஒன்று. ஒரு பழைய மிக்ஸில் ஒரு பெண் குரல் மூன்றே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அதற்கு அடியில் தகரத்தைத் தட்டுவது போல ஒரு ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு). இரண்டு வருடம் தேடினேன். ஷஸாம், ட்ராக்லிஸ்ட், அந்த டிஜேக்கே மெயில் (பதில் இல்லை), எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் 40 நொடிக்கு வெட்டிப் போட்டு ‘யாருக்காவது தெரியுமா’ என்று கேட்டதற்கு முன்பின் தெரியாத ஒருவர் ரெக்கார்டின் பெயரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ‘45-ல் போட்டிருக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். நிமிடத்துக்கு 33 சுற்றில் சுற்ற வேண்டிய ரெக்கார்டை அந்த டிஜே 45-ல் சுற்றவிட்டிருக்கிறார். நிஜத்தில் அது மெதுவான, சோகமான பாட்டு, குரலும் பெண் குரல் இல்லை! அந்த ரெக்கார்டைக் கையில் வைத்து, விளையாட்டுக்கு வேகத்தை மாற்றிப் போட்டுப் பார்த்த ஒரு ஆளால் மட்டும்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். உங்கள் 47-வது நிமிடத்தையும் அப்படி வெட்டிப் போட்டுக் கேளுங்கள், எந்த மிக்ஸ், எந்த வருடம், எத்தனையாவது நிமிடம் என்று மூன்றையும் எழுதி.

கேள்வி: பட்டனை அமுக்குவதெல்லாம் ஒரு இசையா? இதற்கு ஒரு பகுதி வேறு!

பதில்: பியானோவிலும் அமுக்கத்தான் செய்கிறார்கள். அடுத்த கேள்வி.

கேள்வி: ஒன்றரை மணி நேர மிக்ஸ் ஒன்றை யூடியூபில் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் தடை. எல்லாப் பாட்டும் காசு கொடுத்து வாங்கியது. என்ன நியாயம் இது?

பதில்: நியாயம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. வாங்கியது கேட்பதற்கான உரிமையைத்தான், அதைத் திரும்ப வெளியிடும் உரிமையை இல்லை. யூடியூப் 2007-லிருந்து கன்டென்ட் ஐடி என்று ஒன்று வைத்திருக்கிறது; லேபிள்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலிக்கோப்புகளோடு நீங்கள் ஏற்றும் ஒவ்வொன்றையும் ஒப்பிடும். பொருந்தினால் என்ன செய்வது என்று உரிமைக்காரர்தான் முடிவு செய்வார்: தடுக்கலாம், விளம்பரம் போட்டுக் காசு எடுத்துக்கொள்ளலாம், சும்மா எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனிக்கலாம். உங்கள் மிக்ஸில் 25 பாட்டு இருந்தால் 24 பேர் ‘பரவாயில்லை, விளம்பரம் போதும்’ என்று விட்டாலும் ஒருவர் தடுத்தால் மொத்த மிக்ஸும் போச்சு. யார் தடுத்தது என்று உங்கள் கணக்கிலேயே காட்டும், எந்த நிமிடம் என்றும் காட்டும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

இல்லையென்றால் மிக்ஸ்க்ளவுட். 2008-ல் லண்டனில் ஆரம்பித்தது, மிக்ஸுக்கும் வானொலி நிகழ்ச்சிக்கும் என்றே உரிமம் எடுத்து நடத்துகிறார்கள். அதற்குப் பதிலாகச் சில கட்டுப்பாடுகள் உண்டு, ஒரே ஆல்பத்திலிருந்து இஷ்டத்துக்கு எடுத்துப் போட முடியாது. நேரலைதான் வேண்டும் என்றால் ட்விட்ச் இருக்கிறது. 2020-ல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்து நேரலை போட்டபோது அங்கேதான் பதிப்புரிமை நோட்டீஸ்கள் பறந்தன. 2024-ல் டிஜேக்களுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்து, வருமானத்தில் ஒரு பங்கு லேபிள்களுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அது நேரலைக்கு மட்டும், பதிவை அங்கேயே சேமித்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

எங்கே போட்டாலும் சரி, ட்ராக்லிஸ்ட் போடுங்கள். மேலே ஒருவர் ஆறு மாதமாகத் தூங்காமல் இருக்கிறார், பார்த்தீர்கள் அல்லவா?

கேள்வி: சவுண்ட்க்ளவுட் இன்னும் உயிரோடு இருக்கிறதா? ஒரு காலத்தில் அதுதானே எல்லாம்?

பதில்: இருக்கிறது. 2008 வாக்கில் பெர்லினிலிருந்து இரண்டு ஸ்வீடன்காரர்கள் அந்தப் பாட்டுப் பகிர்வுத் தளத்தை நடத்த ஆரம்பித்தபோது ரசிகர்களை நினைத்துக்கூடச் செய்யவில்லை, இசை போடுகிறவர்கள் பாதி முடிந்த கோப்பை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்துக் கேட்பதற்காகச் செய்தது. அதனால்தான் பாட்டின் சத்தத்தைப் படமாகக் காட்டும் அந்த அலைவடிவம், அதன்மேல் எந்த நொடியில் என்ன தோன்றியதோ அந்த நொடியிலேயே எழுதும் வசதி. யாரோ ஒரு இசைக்காரர் இன்னொருவருக்கு ‘1:12-ல் ஸ்நேர் டிரம் அதிகம்’ என்று சொல்வதற்கு வைத்ததில் அப்புறம் ரசிகர்கள் வந்து ஏறிக்கொண்டார்கள். ப்ளே அமுக்குவதற்கு முன்பே படத்தைப் பார்த்து எங்கே டிராப் என்று தெரிந்துவிடும், அலை சட்டென்று ஒல்லியாகி மறுபடி மொத்தமாகும் இடம், அதற்குக் கீழே ஈ மொய்த்தது மாதிரி, கருத்து எழுதியவர்களின் குட்டி குட்டி முகங்கள். பாட்டைச் சேர்ந்து கேட்கும் உணர்வை அதற்குப் பிறகு வந்த எந்தத் தளமும் கொடுக்கவில்லை என்பது என் கட்சி.

2017-ல் ஒரே நாளில் 173 பேரை, ஊழியர்களில் சுமார் 40 சதவீதம் பேரை, வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றோ நாளையோ மூடிவிடும் என்று ஆளாளுக்குத் தங்கள் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் முதலீடு வந்து தப்பித்தது. மைஸ்பேஸ் என்ற பழைய தளம் தப்பிக்கவில்லை. 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது தொலைந்துபோயின என்று 2019-ல் தெரியவந்தது. ஒரு தலைமுறையின் முதல் முயற்சிகள் மொத்தமாகப் போயின. உங்களுக்குப் பிடித்தது ஏதாவது ஒரு தளத்தில் மட்டும் இருக்கிறதென்றால் அது உங்களிடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சவுண்ட்க்ளவுடை எப்படிப் பயன்படுத்துவது என்றால், உங்களுக்குப் பிடித்த ஆர்ட்டிஸ்டின் பக்கத்துக்குப் போய் அவர் போட்ட பாட்டை விட்டுவிட்டு அவருடைய லைக்ஸைத் திறந்து பாருங்கள். பிரபலமானவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒரு பையன் போட்ட 90 ப்ளே டிராக்கை லைக் செய்து வைத்திருப்பார்கள். இன்னொரு நல்ல விஷயம், 2021-லிருந்து தனியாக இயங்கும் கலைஞர்களில் பலருக்கு, ஒரு சந்தாதாரரின் பணம் அவர் நிஜமாகக் கேட்டவர்களுக்கே பிரிந்து போகும்படி மாற்றியிருக்கிறார்கள். மற்ற பெரிய தளங்களில் மொத்தப் பணத்தையும் ஒரே குட்டையில் கொட்டி, மொத்த ஸ்ட்ரீமை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். நீங்கள் டிரம் அண்ட் பேஸ் மட்டும் கேட்டாலும் உங்கள் காசு நீங்கள் வாழ்நாளில் கேட்டிராத பாப் பாடகருக்கும் போகும்.

கேள்வி: முன்பெல்லாம் ஒரு டிராக் ஏழு நிமிடம் ஓடும். இப்போது 2:10-ல் முடிந்துவிடுகிறது. டிக்டாக் கெடுத்துவிட்டதா?

பதில்: டிக்டாக்கின் தலையில் கட்டுவது சுலபம், ஆனால் பாதிதான் உண்மை. ஏழு நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடமும் கடைசி ஒன்றரை நிமிடமும் நமக்காக இல்லை, டிஜேக்காக. வெறும் தாளம் மட்டும் ஓடும், அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்றுவதற்கு. ஸ்ட்ரீமிங்கில் 30 நொடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கு. 30 நொடியும் வெறும் டும் டும் என்றால் பாதிப் பேர் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதனால் தாளத்தை நறுக்கிவிட்டு நேராகக் குரலுக்கு வருகிறார்கள். முழு நீள வடிவம் செத்துப்போகவில்லை, ‘எக்ஸ்டெண்டட் மிக்ஸ்’ என்ற பெயரில் பீட்போர்ட்டில் விற்கிறது. டிஜேக்களுக்கென்றே 2004-லிருந்து நடக்கும் கடை அது. ஒரே பாட்டுக்கு இரண்டு உடம்பு.

குட்டி வீடியோவின் வேலை டிக்டாக்குக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. பாவர் என்பவரின் ‘ஹார்லெம் ஷேக்’ 2012 மே மாதம் வந்தது, பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2013 பிப்ரவரியில் அதன் தொடக்கத்தை மட்டும் எடுத்து, முதலில் ஒரே ஆள் தனியாக ஆடுவது, டிராப் விழுந்ததும் அறை முழுக்க எல்லோரும் கன்னாபின்னாவென்று ஆடுவது என்று அரை நிமிட வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. சரியாக அந்த மாதம்தான் பில்போர்டு இதழ் தன் ஹாட் 100 பாட்டுத் தரவரிசைக் கணக்கில் யூடியூபையும் சேர்த்தது. பாட்டு நேராக முதல் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மீதிப் பாட்டை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஆனால் அந்த ஏழு நிமிடமும் வானத்திலிருந்து வந்ததில்லையே. 1970களின் நடுவில் டாம் மோல்டன் என்ற மிக்ஸிங் கலைஞர் ஒரு டிஸ்கோ பாட்டைத் தகட்டில் வெட்டிப் பதிக்கப் போனபோது 7 அங்குலத் தகடு கைவசம் இல்லாமல், பெரிய தகட்டில் வெட்டிப் பார்த்தார்கள்; பள்ளங்கள் அகலமாகி, சத்தமும் பேஸும் பிரமாதமாக வந்தன. 12 அங்குல சிங்கிள் பிறந்த கதையாகச் சொல்லப்படுவது அதுதான். தகட்டில் இடம் இருந்தது, பாட்டு நீண்டது. இப்போது இடம் இல்லை.

கேள்வி: யூடியூபிலிருந்து 320 கேபிபிஎஸ் எம்பி3-யாக இறக்கிக் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றனவே, அதை வைத்தே மிக்ஸ் போடலாமா?

பதில்: அங்கே இருக்கும் ஒலியே சுருக்கப்பட்டது, அதை எடுத்து 320 என்று பெயர் எழுதினால் கோப்பு பெருக்கும், ஒலி பெருக்காது. ஸ்பெக்ட்ரம் (ஒலியில் இருக்கும் அதிர்வெண்களின் படம்) காட்டும் இலவச மென்பொருள் எதிலாவது போட்டுப் பாருங்கள். நிஜமான 320 எம்பி3 என்றால் படம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். 128-லிருந்து ஏமாற்றியது 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். போனில் தெரியாது. பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹாட் எல்லாம் தண்ணீருக்குள் ஆடுவது போல இருக்கும்.

கேள்வி: அண்ணா, என் முதல் டிராக்கைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. 61 ப்ளே. அதில் 40 நானே கேட்டது. பணம் கொடுத்தால் 10,000 ஸ்ட்ரீம் வரவைக்கிறேன் என்று ஒருவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த 10,000 பேரும் ஆட்கள் இல்லை. ஸ்பாட்டிஃபை அதைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கையை அழித்துவிடும், அப்பட்டமாக இருந்தால் பாட்டுக்கு இவ்வளவு என்று விநியோகக் கம்பெனியிடம் அபராதம் வாங்கும், அவர்கள் உங்கள் பாட்டைத் தூக்கிவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம். அந்தப் போலிக் கணக்குகள் உங்கள் ஹவுஸ் டிராக்கையும், மழைச் சத்தத்தையும், யாரோ ஒருவரின் தியானப் பாட்டையும் அடுத்தடுத்து ஓட்டியிருக்கும். முதல் பதிலில் சொன்னேனே, எது எதோடு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இனிமேல் உங்கள் பாட்டை மழைச் சத்தம் கேட்டுத் தூங்குகிறவர்களிடம் கொண்டுபோய் நீட்டும், அவர்கள் பதறிப்போய் ஸ்கிப் செய்வார்கள், அதையும் அது குறித்துக்கொள்ளும்.

2024-லிருந்து 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது, ஆகவே அதை வருமானமாக நினைக்க வேண்டாம். அடுத்த டிராக்கை வெளியீட்டுத் தேதிக்கு ஏழு நாளுக்கு முன்பாகவாவது அவர்களுடைய கலைஞர் கணக்கு வழியாகச் சமர்ப்பித்துவிடுங்கள், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டு ப்ளேலிஸ்டில் வெள்ளிக்கிழமை வந்துவிடும். பின்தொடர்வது நாலு பேர்தான் என்றாலும் நாலு பேர். பேண்ட்கேம்பிலும் போட்டு வையுங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள், 2020 மார்ச்சில் ஆரம்பித்த பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுவிடுவார்கள். ஆனால் அதுவும் நிரந்தரம் என்று நம்பிவிட வேண்டாம். 2022-ல் அதை எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி வாங்கியது, அடுத்த வருடமே சாங்ட்ரேடர் என்ற இசை உரிமக் கம்பெனிக்குக் கைமாறியது, ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. வாங்கியவர்களின் மெயில் முகவரிகளை உங்கள் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் சேனல்கள் இன்னொரு வழி. 2009-ல் யுகேஎஃப் டப்ஸ்டெப் என்ற சேனலைத் தொடங்கியது ஒரு பெரிய லேபிள் இல்லை, பாட்டுப் பைத்தியம் பிடித்த ஒரு இளைஞர். வீடியோ போடுகிறவர்கள் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று என்சிஎஸ் (நோ காப்பிரைட் சவுண்ட்ஸ்) சேனல் கொடுத்த பாட்டுகளில் ஒன்றின் வழியாக 2014-ல் வந்தவர்தான் ஆலன் வாக்கர். விளையாட்டு வீடியோக்களின் பின்னணியிலேயே ஓடி ஓடி ஊரெல்லாம் தெரிந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட முதலில் பத்து டிஜேக்களைப் பிடியுங்கள். பெரிய ஆட்களை இல்லை, மாதம் ஒரு மிக்ஸ் போடும், உங்கள் ரகப் பாட்டு போடும் பத்துப் பேர். நானும் பொழுதுபோக்குக்கு மிக்ஸ் போடுகிறவன், எனக்கு வாரம் பத்துப் பதினைந்து மெசேஜ் வருகிறது, ‘என் டிராக்கைக் கேளுங்கள், தீப்பொறி’ என்று. திறப்பதே இல்லை. போன மாதம் ஒன்று வந்தது: ‘உங்கள் மிக்ஸில் 22-வது நிமிடத்தில் வரும் பாட்டுக்கு அப்புறம் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாள அடி). டவுன்லோடு திறந்திருக்கிறது.’ உடனே கேட்டேன். 22-வது நிமிடத்துக்கு அப்புறம் பொருந்தவில்லை, 31-வதுக்கு அப்புறம் பொருந்தியது. அடுத்த மிக்ஸில் போட்டேன்.

கேள்வி: என் ப்ளேலிஸ்டில் ஏஐ போட்ட பாட்டு நுழைந்திருக்கிறதோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தங்களுக்கு நாளும் வந்து சேரும் பாட்டுகளில் 18 சதவீதம் முழுக்க ஏஐ செய்தவை என்று டீசர் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2025 ஏப்ரலிலேயே சொன்னது. ஆகவே சந்தேகப்படுவதில் தப்பில்லை. காதை மட்டும் நம்பாதீர்கள், ஆளைத் தேடுங்கள். ஒரு மிக்ஸ் போட்டதில்லை, எந்த லேபிளிலும் இல்லை, யாருக்கும் ரீமிக்ஸ் செய்ததில்லை, யாரும் இவருக்குச் செய்ததில்லை, ஆனால் ஒரு வருடத்தில் ஒன்பது ஆல்பம் என்றால் எனக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் குழுவில் 200 பாட்டு உள்ள ப்ளேலிஸ்டைப் பகிர்ந்தேன். எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: 199 பாட்டு அதிகமாக அனுப்பிவிட்டீர்கள். 200 பாட்டு 15 மணி நேரம் போகும், யார் உட்கார்ந்து கேட்பது? குழுவில் போடுவதையும் விடுங்கள், குழுவில் போட்டால் ஹார்ட்தான் வரும். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பாட்டு, எந்த இடம் என்று ஒரு வரி. என் தங்கைக்கு இந்த இசையே ஆகாது, ‘மிக்ஸி ஓடுவது மாதிரி இருக்கிறது’ என்பாள். அவளுக்கு ஒரு தடவை ஒரு லிங்க் அனுப்பி, ‘3:40-க்குப் போ, அங்கே எல்லாம் நின்றுபோய் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், ஹெட்போனில் கேள்’ என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ‘அது மூச்சா? நான் கடல் என்று நினைத்தேன்’ என்று வந்தது. அப்புறம், ‘இவர் வேறு என்ன போட்டிருக்கிறார்?’